கிழக்காசிய ஆய்வியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்? யூபியூவுக்கு முன் ஆலோசனை வேண்டும்

பிறை_மகள்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வில் கடைசித் தவணையும் எழுதி முடித்தாயிற்று. வரலாறு, தமிழ், பொருளியல், பெங்காஜியான் அம் (பொதுப் பாடம்). அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பம் மூடுவதற்குள் முடிவெடுக்க வேண்டும். வீட்டில் இந்தத் துறையைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்குக் கிழக்காசிய ஆய்வியல் படிக்க ஆசை. அதிலும் ஜப்பானின் நவீன வரலாறு. ஆரம்பக் கல்வி சீனப்பள்ளியில் முடித்தேன், அதனால் மாண்டரின் சரளமாகப் பேசுவேன். எழுத்தும் ஓரளவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்தான் எடுத்தேன், சீன மொழி எழுதவில்லை.

இதுவரை பார்த்து வைத்தவை: மலாயாப் பல்கலைக்கழகம், சிப்பாங்கில் இருக்கும் சியாமென் பல்கலைக்கழகக் கிளை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், ஜப்பானில் இரண்டு மூன்று, லண்டனில் சோவாஸ் (ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி). தரவரிசைப் பட்டியல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது, தலை சுற்றுகிறது.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். தம்பிகள் இருவர் இன்னும் இடைநிலைப்பள்ளியில். அப்பா என்னைத் தடுக்கவில்லை. "படித்து முடித்தால் என்ன வேலைம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.


லெம்பா_பந்தாய்

தங்கச்சி, வணக்கம். நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் படித்தவள், ஜப்பான் பக்கம் எடுத்தேன். இப்போது கோலாலம்பூரில் வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தத் தரவரிசைப் பட்டியலை மூடி வை. அது முழுப் பல்கலைக்கழகத்துக்கும் போடுகிற மதிப்பெண். மருத்துவம், பொறியியல் துறைகளின் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறார்கள், உன் இறுதியாண்டுக் கட்டுரையை மேற்பார்க்க யார் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்காது. உனக்கு வேண்டியதோ அதுதான்.

அப்புறம், நம் பிள்ளைகள் யூபியூவில் மாற்றிப் போட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கு மூன்று தனித்தனி வாசல்கள். கலை, சமூக அறிவியல் புலத்தில் கிழக்காசிய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கே சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் அரசியல், பொருளாதாரம், சமூகம், வரலாறு படிக்க வேண்டும், கூடவே மொழி. அதே புலத்தில் 1963 முதல் இருக்கும் சீன ஆய்வியல் துறை வேறு. அது சீன இலக்கியம், வரலாறு எனப் போகும், சீன மொழியில் தேர்ச்சி கேட்பார்கள். நீ எஸ்.பி.எம்.மில் எழுதாததால் அது உனக்குச் சிரமம். மூன்றாவது, மொழி, மொழியியல் புலத்தில் ஜப்பானிய மொழியையும் மொழியியலையும் முதன்மையாகக் கொண்ட பட்டம். மொழியில் ஊறிப்போக வேண்டும் என்றால் அது. வரலாறு, சமூகம் என்றால் முதலாவது. உன் பதிவைப் படித்தால் உன் மனம் முதலாவதில் இருக்கிறது என்று தெரிகிறது.

ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார். வாரத்துக்கு நான்கு மணி நேர மொழி வகுப்பு என்று வைத்துக்கொள். ஒரு தவணை 14 வாரம், ஆறு தவணை. 4 × 14 × 6 = 336 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேர்ச்சி வர 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. கொரிய மொழிக்கும் மாண்டரினுக்கும் அதே கணக்குதான். அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு, நமக்கு அவ்வளவு ஆகாது. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழகிய நடைதான். உனக்குச் சீன எழுத்தும் கொஞ்சம் தெரியும். ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் 2,136. அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே பார்த்த கண்ணோடு நீ வகுப்புக்குப் போவாய். எனக்கு அந்த வசதி இல்லை.

இருந்தாலும் 336 போதாது. எங்கள் இறுதியாண்டில் ஒரு நாளிதழின் தலையங்கத்தைக் கையில் கொடுத்தார்கள். முதல் பத்தி ஐந்து வரி. ஒரு வினையெச்சத்துக்குள் இன்னொரு வினையெச்சம், எழுவாய் எங்கே என்றே தெரியவில்லை. அகராதியில் எழுத்தின் உறுப்பை வைத்துத் தேடி, கோடு எண்ணி, அந்த ஒரு பத்தியை முடிக்க முழு வகுப்பும் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒரு வருடம் ஜப்பானில் பரிமாற்ற மாணவியாக இருந்துவிட்டு வந்தவள். அவள் அதைப் படித்துவிட்டு எழுத்தாளர் சொல்வது சரியா தவறா என்று ஆசிரியரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் இரண்டாம் வரியில் நின்றேன். அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு எதைப் பொறுத்தது என்று எனக்குப் புரிந்தது.

அதனால் எந்தப் பல்கலைக்கழகம் என்றாலும் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி இதைக் கேள்: மொழி வகுப்பு எந்தத் தவணையில் தொடங்குகிறது, வாரத்துக்கு எத்தனை மணி, கடைசி வருடத்திலும் உண்டா, ஜப்பானுக்கு ஒரு தவணையோ ஒரு வருடமோ போக ஒப்பந்தம் இருக்கிறதா, இறுதிக் கட்டுரையில் மூல மொழிச் சான்றுகளைப் பயன்படுத்தச் சொல்கிறார்களா. இதற்கு விவரமாகப் பதில் எழுதும் துறை எதுவோ, அதற்கு என் கணக்கில் முதலிடம்.


கிள்ளான்_ஆசிரியர்

வணக்கம். நான் ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர். மகளே, உன் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்து மூத்த பிள்ளை நீ. பின்னால் இரண்டு தம்பிகள். இந்தப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நுழைகிற தொழில் என்று ஒன்று இல்லை. வழக்கறிஞருக்கு உண்டு, கணக்காய்வாளருக்கு உண்டு, ஆசிரியருக்கு உண்டு. நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளைகள் கலைத்துறைப் பட்டம் முடித்துவிட்டு இரண்டு மூன்று வருடம் நிலையான வேலை இல்லாமல் அலைந்ததை என் மாணவர்களிடையே பார்த்திருக்கிறேன். உன் தமிழும் வரலாறும் நன்றாக இருந்தால் ஆசிரியர் கல்விக்கழகத்தை யோசி. மொழியைப் பகுதிநேரமாகப் படிக்கலாமே.

யூபியூ தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். சான்றிதழ்களை இப்போதே ஒழுங்குபடுத்தி வை.


பாயான்_லெப்பாஸ்

ஐயா சொல்வதில் உள்ள கவலை எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் இதையேதான் சொன்னார். ஆனால் வேலை இல்லை என்று சொல்ல முடியாது ஐயா. நான் பினாங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக, ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன்.

1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலேயே இன்டெல்லோடு ஹிட்டாச்சி, கிளாரியன் போன்ற ஜப்பானிய நிறுவனங்களும் இங்கே வந்துவிட்டன. இன்றைக்குப் பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் என்று நிலம் முழுக்க ஜப்பான், தைவான், கொரியா, சீனா கம்பெனிகள். கோலாலம்பூர் பக்கம் போனால் இந்த மொழிகளில் வாடிக்கையாளர் சேவை, கணக்கு, தரவு வேலை பார்க்கும் பெரிய அலுவலகங்கள். அவர்கள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (என்5 எளிது, என்1 மிகக் கடினம்) என்2 இருக்கிறதா, என்1 இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். என்2க்குக் கீழே என்றால் நேர்காணலே கிடைப்பது கஷ்டம். என்1 இருந்தால் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் மொழிக்கென்று படித்தொகை தனியாகப் பேசலாம்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மாதம் ஓர் இயந்திரம் நின்றுபோனது. ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் வரைபடத்தின் ஓரத்தில் கையால் குறிப்பு எழுதிக் கொடுத்தார், வேகமாக எழுதிய கிறுக்கல். உதிரிபாகம் கொடுப்பவர் பினாங்குச் சீனர், மாண்டரினும் ஹொக்கியனும்தான் பேசுவார். இயந்திரத்தைக் கழற்றுகிற அண்ணன் நம் ஆள், தமிழும் மலாயும். நடுவில் நான். குறிப்பில் இருந்த ஓர் எண் வெப்பமா அழுத்தமா என்று உறுதிப்படுத்தாமல் நான் சொல்லியிருந்தால் யாராவது கையைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். செயலி வைத்து மொழிபெயர்க்கலாம் என்கிறார்கள். அந்தக் கிறுக்கலைச் செயலி வாசிக்கவில்லை. அந்தப் பொறியாளரிடம் கூச்சப்படாமல் மூன்று முறை திருப்பிக் கேட்கவும் அதற்குத் தெரியாது.

தங்கச்சிக்கு மாண்டரின், தமிழ், மலாய், ஆங்கிலம் கையில் இருக்கிறது. மேலே ஜப்பானியமும் சேர்ந்தால் இந்தப் பினாங்கு மாநிலத்தில் அவளை விட்டுவிட மாட்டார்கள்.

இன்னொன்று, நிர்வாக, அரசதந்திர அதிகாரியாகப் போகும் பி.டி.டி. வழிக்கு எந்தத் துறைப் பட்டமும் ஏற்பு. வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்குப் போக ஆசை என்றால் இந்தப் படிப்பு தடையாக இருக்காது.


பிறை_மகள்

அக்கா, அண்ணே, ஐயா, மூவருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்றிப் போனவன்தானே நான்" என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஐயா, ஆசிரியர் கல்விக்கழகம் பற்றி நானும் யோசித்தேன். பிடிக்காமல் இல்லை. ஆனால் பள்ளியில் வரலாறு படித்தபோது மலாயாவை ஜப்பான் ஆண்ட மூன்றரை வருடத்தை நாலு பக்கத்தில் முடித்துவிட்டார்கள். அந்த நாலு பக்கத்தையும் எழுதிய பக்கம் ஒன்று, எழுதாத பக்கம் ஒன்று இருக்கும் அல்லவா? அதைப் படிக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம்.

கேள்வி: ஜே.எல்.பி.டி. எழுதக் கோலாலம்பூர் வர வேண்டுமா? அப்புறம் ஜப்பானுக்கே நேராகப் போய்ப் படிப்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சாத்தியமா?


பாயான்_லெப்பாஸ்

பினாங்கிலேயே எழுதலாம். டிசம்பருக்கு என்5 பதிவு செய்து விடு. தேர்ச்சி முக்கியம் இல்லை, தேர்வு மண்டபத்தில் உட்காரும் பயம் போகும்.


பெப்பு_மலைச்சரிவு

வணக்கம். நான் ஜப்பானில் ஒய்தா மாநிலத்தில், பெப்பு நகரத்து மலைமேல் இருக்கும் ரிட்சுமெய்க்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஏ.பி.யு. என்பார்கள். 2000இல் தொடங்கியது. மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டவர். ஆங்கிலத்தில் நுழையலாம், ஆனால் ஜப்பானியம் கட்டாயம் படிக்க வேண்டும். சொந்த ஊர் கூலிம்.

சாத்தியமா என்று கேட்டால், வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளம்தான் முதலில் முயல வேண்டியது. இளங்கலைக்குத் தூதரகம் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் முழுவதும் அவர்கள், விமானப் பயணம் அவர்கள், மாதம் 117,000 யென் கைச்செலவுக்கு. முதல் வருடம் தோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலோ ஒசாக்கா பல்கலைக்கழகத்திலோ மொழி மட்டும், அப்புறம் நான்கு வருடம் பட்டம். அந்த ஒரு வருடத்து மொழி வகுப்பை மேலே அக்கா போட்ட கணக்கோடு வைத்துப் பார். எழுத்துத் தேர்வில் கலை, சமூக அறிவியல் பிரிவுக்கு ஆங்கிலம், கணிதம், ஜப்பானியம். இடம் மிகக் கொஞ்சம், போட்டி கடுமை. ஆனால் விண்ணப்பிக்கக் காசு கேட்பதில்லை.

இரண்டாவது, ஏ.பி.யு. போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள். இங்கே கட்டணத்தில் ஒரு பகுதியிலிருந்து முழுக் கட்டணம் வரை கழிவு தருகிறார்கள். பாதிக் கழிவு கிடைத்தாலும் மீதியும் வாழ்க்கைச் செலவும் உங்கள் கையில். மாணவர்கள் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பி யாரும் விமானம் ஏறக்கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரவு வேலை முடித்து வந்து காலை வகுப்பில் தூங்கி, தவணை தவறவிட்ட நண்பர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, தேசியப் பல்கலைக்கழகங்கள். பெரும்பாலானவற்றில் ஆண்டுக் கட்டணம் 535,800 யென், சில கூட்டிவிட்டன, தோக்கியோ பல்கலைக்கழகம் 2025இலிருந்து 642,960 ஆக்கிவிட்டது. சேர்க்கைக்கு இ.ஜே.யு. என்ற தேர்வு, ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும், கோலாலம்பூரில் எழுதலாம். உங்கள் பிரிவுக்கு ஜப்பானியம், கணிதம், ‘ஜப்பானும் உலகமும்’ என்ற பாடம். அதை ஜப்பானிய மொழியிலேயே எழுதும் அளவுக்கு இப்போதைக்கு உங்களால் முடியாது. அதனால் இதை மறந்துவிடலாம்.


கணக்குப்_பிள்ளை_சுங்கைபட்டாணி

பணம் பற்றி நானும் ஒரு வார்த்தை. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் உள்நாட்டில் படிப்பவர்களுக்குத்தான். வெளிநாடு என்றால் அந்தக் கதவு மூடிவிடும், குடும்பம் வேறு கடன் தேட வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பிள்ளையை லண்டனுக்கு அனுப்பாதீர்கள். சோவாஸ் 1916இலிருந்து இந்தத் துறையில் பெயர் பெற்ற இடம், சந்தேகமே இல்லை. உபகாரச் சம்பளம் இல்லாமல் நம் ரிங்கிட்டைக் கொண்டுபோய் அங்கே கட்டுவது இந்தக் குடும்பத்துக்கு ஆகாது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய ஆய்வியல் துறை 1981 முதல் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். ஏற்பார்கள், மதிப்பெண் மிக உயர்வாக வேண்டும். அரசாங்கக் கட்டண மானியம் எடுத்தால் படிப்பு முடிந்து மூன்று வருடம் சிங்கப்பூரில் வேலை செய்ய வேண்டும். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில் வரும் என்பதால் பலருக்கு அது சுமையாகத் தெரிவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் அப்பாவும் சேர்ந்து படிக்கட்டும்.


தஞ்சோங்_தோக்கோங்

சியாமென் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீனப் பல்கலைக்கழகம் ஒன்று வெளிநாட்டில் திறந்த வளாகம் அது, 2016இல் சிப்பாங்கில் மாணவர்களைச் சேர்த்தது. வளாகம் அழகு, வசதி நிறைய. ஆனால் அங்கே சீன ஆய்வியல் சீன மொழியில் நடக்கிறது. ஊத்தாரின் (துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம்) சீன ஆய்வியலும் அந்த வகைதான். உங்களுக்கு ஜப்பான் வேண்டும் என்றால் இரண்டும் பொருந்தவில்லை.

தைவானைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த தீவு. காலனி அரசின் ஆவணங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. மாண்டரின் தெரிந்த ஒருவர் ஜப்பானிய ஆட்சியைப் படிக்க அது நல்ல இடம். நாம் பள்ளியில் படித்தது எளிமையாக்கிய எழுத்து, அங்கே பழைய முழு எழுத்து. மூன்று நான்கு மாதம் கண் பழக வேண்டும், அவ்வளவுதான். பழகிவிட்டால் போருக்கு முந்தைய ஜப்பானிய ஆவணங்களில் இருக்கும் எழுத்துக்கும் அது கை கொடுக்கும். மொழிக்கு மட்டும் என்று தைவான் அரசு ஹுவாயூ உபகாரச் சம்பளம் தருகிறது. பட்டத்துக்கு இல்லாவிட்டாலும் இடையில் ஒரு கோடைக்காலத்துக்கு யோசியுங்கள்.


ஆவணக்_காப்பகம்

வணக்கம். நான் கோலாலம்பூரில் வரலாற்றில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பிறை_மகள் தம்முடைய உண்மையான காரணத்தை இரண்டாவது பதிவில்தான் சொன்னார். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். 1942இலிருந்து 1943க்குள் 415 கிலோமீட்டர் போட்டு முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, நினைவுக் குறிப்புகள் நூல்நூலாக இருக்கின்றன. நம்மவர்களுக்குத் தாத்தா பாட்டி சொன்ன கதைகளும், சில முதியவர்களின் வாய்மொழிப் பதிவுகளும். இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சான்றுகளை வைத்து எழுதினார்கள். ஆள் எடுத்த அரசு, கூலிக் கணக்கு எழுதிய அதிகாரி, நோய் பரவியபோது அறிக்கை அனுப்பிய பிரிவு, எல்லாரும் எழுதியது ஜப்பானிய மொழியில். தமிழும் ஜப்பானியமும் இரண்டும் படிக்கத் தெரிந்து அந்தத் தாள்களுக்கு முன்னால் உட்காரும் ஆள் நம்மில் எத்தனை பேர்?

ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பான் மையம் 2001 முதல் இணையத்தில் இயங்குகிறது. வெளியுறவு அமைச்சு, இராணுவம், தேசியக் காப்பகம் ஆகியவற்றின் பழைய தாள்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், காசு இல்லை. நான் ஒருமுறை மலாயா என்று தேடித் திறந்து பார்த்தேன். இராணுவ அறிக்கை ஒன்று, கத்தக்கானா என்ற ஜப்பானிய அசையெழுத்தும் பழைய கான்ஜியும் கலந்து, மேலிருந்து கீழாகக் கையால் எழுதியது. ஓரத்தில் சிவப்பு முத்திரை. அட்டவணையில் எண்கள் மட்டும் எனக்குப் புரிந்தன. எதை எண்ணியிருக்கிறார்கள் என்று படிக்கத் தெரியவில்லை. மனிதர்களையா, அரிசி மூட்டைகளையா? ஜப்பானியம் தெரிந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் நவீன மொழி படித்தவர், அந்தக் கையெழுத்து அவருக்கும் ஓடவில்லை.

பிறை_மகள், இந்த இடத்துக்கு நீங்கள் வர வேண்டும். அதற்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடுங்கள். வகுப்பில் பழைய ஆவணம் வாசிக்கச் சொல்லித்தரும் ஒருவர் இருக்கும் இடம். இளங்கலையில் அது எங்குமே கிடைக்காமல் போகலாம், பரவாயில்லை. இளங்கலையில் நவீன மொழியை உறுதியாக முடியுங்கள், முதுகலைக்கு ஜப்பான் போய் அதைக் கற்கலாம்.

மறுபக்கத்திலிருந்து ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர். 1960களில் இந்தியாவுக்கு வந்து, கல்வெட்டியல் கற்று, சோழர் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டு, அன்றைய ஊரில் நிலம் யார் கையில் இருந்தது என்று எழுதினார். 1995இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய ஆய்வு மன்றத்துக்கு அவர்தான் தலைவர். ஒரு ஜப்பானியர் நம் கல்லைப் படித்தார், நாம் அவர்களுடைய தாளைப் படிக்க முடியாதா? சீனாவிலும் அப்படித்தான். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது, அதற்கென்றே சீனப் பிள்ளைகள் பெய்ஜிங்கில் தமிழ் படித்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கட்டுரையில் ‘தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம்’ என்று எழுதி விடாதீர்கள். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அப்படி ஒரு கருத்தை முன்வைத்து நிறைய உழைத்தார், நம்மவர்களுக்கு அவர் மேல் அன்பு உண்டு. ஆனால் வரலாற்று மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரியும். அதற்குப் பதில் உறுதியான சான்றை எடுங்கள். சீனாவின் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, சிவன் கோயிலுக்காக வெட்டியது. அந்த ஊர் இருப்பது ஃபூஜியான் மாநிலத்தில், நம் பினாங்கு ஹொக்கியன்காரர்களின் பூர்வீகம். இலங்கையின் காலி நகரில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நாட்டிய 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. பிறையில் வளர்ந்து, சீனப்பள்ளியில் படித்து, தமிழில் எஸ்.டி.பி.எம். எழுதிய ஒருவர் இதைச் சொல்லித் தம் கட்டுரையைத் தொடங்கினால் யாரும் கீழே வைக்க மாட்டார்கள்.


கிள்ளான்_ஆசிரியர்

படித்தேன். என் சித்தப்பா ஒருவர் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. எந்த முகாம், எந்த மாதம் என்று எங்கள் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது.

வேலையைப் பற்றிய கவலை எனக்கு இன்னும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் மகளே, படிப்பதென்று முடிவெடுத்தால் என்2 வாங்காமல் பட்டத்தை முடிக்காதே. பாயான் லெப்பாஸ் தம்பி சொன்னது சோறு போடும் வழி. மற்றதை அதன் மேல் கட்டலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அரசாங்க வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையிடம் எழுத்தில் கேட்டு வை. வந்த பிறகு ஓடுவது வீண் அலைச்சல்.


லெம்பா_பந்தாய்

ஐயா எழுதியதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு பயனுள்ள செய்தி மட்டும் சேர்க்கிறேன். மெக்ஸ்ட் இளங்கலையில் கிடைக்காவிட்டால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி, பண்பாடு படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கென்றே மெக்ஸ்டில் இன்னொரு பிரிவு உண்டு. ஏறக்குறைய ஒரு வருடம் ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். நான் மேலே சொன்ன தோழி மாதிரி நீயும் திரும்பி வரலாம். அதாவது உள்ளூரில் சேர்ந்தாலும் அந்த 336 மணி நேரத்தை மும்மடங்காக்க வழி இருக்கிறது. துறைத் தேர்வு செய்யும்போது இந்தப் பிரிவுக்கு உன் பட்டம் தகுதி பெறுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

கொரியா பக்கம் மனம் மாறினால் அந்த அரசின் ஜி.கே.எஸ். உபகாரச் சம்பளம் இருக்கிறது. அங்கேயும் ஒரு வருடம் மொழி, தோப்பிக் என்ற கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை எடுத்தால்தான் பட்ட வகுப்புக்குள் விடுவார்கள். மொழியை முதலில் கொடுத்துவிட்டுப் பாடத்தைப் பின்னால் வைக்கும் அந்த முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.


பிறை_மகள்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கிள்ளான் ஐயாவுக்குத் தனியாக: உங்கள் சித்தப்பா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தனிமடலில் அனுப்புங்கள் ஐயா. இப்போது என்னால் எதுவும் செய்ய முடியாது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நேற்று இரவு அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து பேசினோம். யூபியூவில் முதல் தேர்வாக மலாயாப் பல்கலைக்கழகக் கிழக்காசிய ஆய்வியல், இரண்டாவதாக அங்கேயே ஜப்பானிய மொழி, மொழியியல். இன்று காலை இரு துறைக்கும் அக்கா சொன்ன கேள்விகளை அனுப்பிவிட்டேன், மெக்ஸ்ட் பிரிவு பற்றியும் சேர்த்து. யாருடைய பதில் விவரமாக இருக்கிறதோ அதைப் பார்த்து வரிசையை மாற்றலாம் என்று அப்பாவே சொன்னார். மெக்ஸ்ட் இளங்கலைக்கும் விண்ணப்பிக்கிறேன். லண்டன் இப்போதைக்கு இல்லை. சிங்கப்பூர், முடிவுகள் வந்த பிறகு.

மெக்ஸ்டுக்குக் கணிதம் என்றதும் பயமாக இருக்கிறது. எஸ்.பி.எம்.மோடு கணிதத்தை விட்டுவிட்டேன்.


பெப்பு_மலைச்சரிவு

பயப்படாதே. பழைய வினாத்தாள்கள் ஜப்பானில் கல்வி பற்றிய அரசாங்க இணையத்தளத்திலேயே விடையோடு கிடைக்கின்றன. கலை, சமூக அறிவியல் பிரிவுக்கு ஏ கணிதம், அறிவியல் பிள்ளைகளுக்கு பி கணிதம். நீ ஏ தாளை மட்டும் எடு. இருபடிச் சமன்பாடு, நிகழ்தகவு, முக்கோணவியல் வரும். எஸ்.பி.எம். கூடுதல் கணிதப் புத்தகம் யாரிடமாவது இரவல் வாங்கு. ஜப்பானியத் தாளையும் காலியாக விடக்கூடாது. மூன்று நிலையாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையை இப்போதிருந்து படித்தால் தொட்டுவிடலாம். உனக்கு எழுத்து தெரியும்.


லெம்பா_பந்தாய்

கூடுதல் கணிதம் என்னிடம் விடு. வார இறுதியில் சந்தேகங்களை இங்கேயே படம் எடுத்துப் போடு. மற்ற பிள்ளைகளும் பார்க்கட்டும், யாருக்காவது உதவும்.


பிறை_மகள்

சரி அக்கா. ஏ தாள் ஒன்று இறக்கிவிட்டேன். முதல் பகுதியில் நாலாவது கேள்வி, நிகழ்தகவு, அங்கேயே நிற்கிறேன். சாயங்காலம் படம் போடுகிறேன்.